மூளையில் ஒரு முடிச்சு

கடம்பத்தூர் புகைவண்டி நிலையத்தில் நிற்பவருக்கு, மூளை நோய்க்கான உயர்ந்த வைத்தியம் இரு திசைகளிலும் உண்டு. கிழக்கே செல்லும் மின்சார வண்டி திருவள்ளூர் வழியாகச் சென்னை சென்டிரலைச் சேரும். அங்கே சாலையைக் கடந்தால் அரசு பொது மருத்துவமனை. மேற்கே அரக்கோணம் சென்று, வண்டி மாறிக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். அந்த வேலூரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி, இந்தியாவிலேயே முதன்முதலாக மூளை நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மறு ஆண்டு டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் அதே பணியை மேற்கொண்டார்.

அந்நாளில் மூளையின் இரத்தக் குழாய்களைக் காண விரும்பிய மருத்துவர், நோயாளியின் கழுத்துத் தமனியிலேயே ஊசியைச் செலுத்தி, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஏற்றி, அது ஓடி மறையுமுன் விரைந்து படமெடுக்க வேண்டும். 1927-இல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ் கண்ட வழி அது. இன்றோ, ஊசி முனையும் படாமல், எக்ஸ்ரே கதிரும் தொடாமல், காந்தத்தின் துணைகொண்டு அக்குழாய்களைப் பார்க்க முடிகிறது. எம்.ஆர்.ஐ. என்று யாவரும் வழங்கும் அந்தக் கருவி 1986-இல் தில்லியிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வு நிலையம் ஒன்றின் வாயிலாக முதன்முதலாக நம் நாட்டிற்கு வந்தது.

அது எதைத் தேடுகிறது? இதயத்திலிருந்து தமனி வழியே வேகத்துடன் வரும் இரத்தம், தந்துகிகள் எனப்படும் மயிரிழைக் குழாய்களில் புகுந்து, அழுத்தம் தணிந்து, பின்னரே சிரைகளைச் சேர வேண்டும். சிலருடைய மூளையில் ஓரிடத்தில் இந்தத் தந்துகிகளே அமையாமல், தமனியும் சிரையும் நேராக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஏரி மதகைப் பெயர்த்துவிட்டு வாய்க்காலில் வெள்ளத்தைத் திருப்பியது போல, மெல்லிய சிரை தாங்க மாட்டாத அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். இதனை ஏ.வி.எம். என்பர். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டிலிருந்து நான்கு பேருக்கு இது கசியவோ வெடிக்கவோ கூடும். வேறொரு வகை காவர்னோமா. முசுக்கட்டைப் பழம் போன்ற சிறு கொத்து, இரத்தம் மெல்ல ஊரும் இடம். மற்றொன்று, தமனிச் சுவர் பலூன் போல் புடைத்து நிற்கும் அன்யூரிசம். இவையன்றி, சற்றே வேறுபட்ட அமைப்புடைய சிரைகளும் உண்டு. பெரும்பாலும் அவற்றால் தீங்கில்லை, அவற்றைத் தொடாதிருப்பதே வைத்தியம்.

காந்தப் படத்தின் தந்திரம் வியக்கத் தக்கது. நம் உடலில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களைப் பெருங்காந்தம் ஒழுங்குபடுத்தி நிறுத்துகிறது. வானொலி அலை அவற்றை ஒரு கணம் அசைக்கிறது. அவை மீளும்போது எழும் மெல்லிய சைகையே படமாகிறது. விரைந்தோடும் இரத்தமோ, அசைத்த இடத்தில் நின்று பதில் சொல்வதில்லை. கடம்பத்தூரில் நில்லாது பறக்கும் துரித வண்டியின் பயணிகளை, நடைமேடையில் நின்று பெயர் சொல்லி அழைத்தாற்போல, கூப்பிடும் கணத்தில் அவர்கள் கடந்து போயிருப்பார்கள். ஆகவே அவ்விடம் படத்தில் கருமையாக விழும். ஏ.வி.எம். இருக்குமிடத்தில் கரும்புழுக்கள் சுருண்டு கிடப்பது போல் தோன்றுவது இதனாலேயே. வேறொரு முறையில், நிற்கும் திசுவை மீண்டும் மீண்டும் அலையால் தட்டிக் களைப்புறச் செய்து, புதிதாக வந்து சேரும் இரத்தத்தை மட்டும் வெண்மையாக ஒளிரச் செய்யலாம். மருந்து ஏற்றாமலே குழாய்களின் வரைபடம் கிடைத்துவிடுகிறது. பழைய கசிவு விட்டுச் சென்ற இரும்புச் சத்தின் கறையையும் காந்தம் காட்டிக் கொடுக்கிறது. மோனிஸ் கண்ட முறையில் புலப்படாத காவர்னோமா, இதில் பொரித்த சோளம் போல் தெளிவாகத் தெரியும்.

ஆயினும் இக்கருவிக்கும் எல்லை உண்டு. ஏ.வி.எம்.முக்குள் எந்தத் தமனி எந்த வழியாக நுழைகிறது, எந்தச் சிரை முதலில் நிரம்புகிறது என்பதை நொடிக்கு நொடி காட்டுவது இன்றும் குழாய் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான். மேலும், இடி விழுந்தாற்போலத் திடீரென்று தாங்கொணாத் தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் தளர்தல், நினைவு தப்புதல் ஆகியவை நேர்ந்தால் எம்.ஆர்.ஐ. எங்கே எடுக்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கலாகாது. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர வேண்டும். புதிதாகக் கசிந்த இரத்தத்தைச் சில நிமிடங்களில் காட்டும் சி.டி. படமே அங்கு முதலில் எடுக்கப்படும்.

ஆனால், பலருக்கு இம்முடிச்சு முதலில் வலிப்பாகவே தன்னை வெளிப்படுத்துகிறது. நம் இல்லங்களில் நடப்பதென்ன? கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். அதனால் எள்ளளவும் பயனில்லை. வலிப்பு வந்தது பெண் பிள்ளைக்காயின், வரன் அமையாதே என்று அஞ்சி அண்டை வீட்டாருக்கும் தெரியாமல், சில வேளை மருத்துவருக்கும் தெரியாமல், மறைத்துவிடுவார்கள். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த வலிப்பு பற்றிய தடையையே 1999-இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. வீட்டாரின் அச்சம்தான் இன்னும் நீங்கவில்லை. மறைத்து வைத்த முடிச்சு, முதல் பேறுகாலத்தில் மருத்துவரை எச்சரிக்கையின்றிச் சந்திப்பதைவிட, முன்பே படத்தில் தெரிவது எவ்வளவோ மேல்.

படத்தில் தெரிந்தபின் மறுமுனையில் வேறோர் அவசரம் பிறக்கிறது: "உடனே எடுத்துவிடுங்கள், டாக்டர்!" முடிச்சு எவ்வளவு பெரிது, பேச்சையோ கையையோ ஆளும் பகுதியில் அமைந்ததா, அதன் சிரை மூளையின் ஆழத்திற்குள் வடிகிறதா என்ற மூன்றையும் கொண்டு அறுவையின் அபாயத்தை ஐந்து படிகளாக வகுக்கும் முறை 1986 முதல் வழக்கில் உள்ளது. இம்மூன்றையும் பெருமளவு காந்தப் படமே சொல்லிவிடும். கத்தியன்றி, குழாய் வழியே பசை செலுத்தி அடைக்கும் முறையும், கூரிய கதிர்வீச்சால் இரண்டு மூன்று ஆண்டுகளில் சிறுகச் சிறுக மூடச் செய்யும் முறையும் உண்டு. ஒருமுறையும் வெடிக்காத முடிச்சுகளைப் பற்றிப் பல நாடுகள் சேர்ந்து நடத்தி 2014-இல் வெளியிட்ட 'அருபா' ஆய்வில், ஏறத்தாழ மூன்றாண்டுக் காலத்தில், மருந்துடன் மட்டும் காத்திருந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், சிகிச்சை செய்துகொண்டோரில் நூற்றுக்கு முப்பது பேருக்கும் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. மூன்றாண்டு போதாது, இளவயதினர் ஐம்பதாண்டு வாழ வேண்டியவர்களாயிற்றே என்று அறுவை மருத்துவர்கள் எதிர்வாதம் செய்ததும் நியாயமே. ஒருமுறை வெடித்த முடிச்சின் கதை வேறு. அங்கே காத்திருத்தல் அரிது. ஆதலின் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எப்போது அறுவை?" என்பதன்று, "இது ஏற்கெனவே கசிந்துள்ளதா?" என்பதே.

நம் பகுதிக்கு இன்னொரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் லேத்துப் பட்டறைகளில், வெல்டிங், கிரைண்டிங் வேலைகளில் ஆயிரக்கணக்கானோர் உழைக்கின்றனர். பொறி பறந்து கண்ணில் இரும்புத் துகள் விழாத தொழிலாளி அரிது. பக்கத்திலிருப்பவர் துணி முனையால் எடுத்துவிட்டார் என்று மறந்தும் போவார். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்த விசையைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. கண்ணுக்குள் தங்கிப்போன துகளை அது இழுத்தால் பார்வையே பறிபோகக்கூடும். எனவே படம் எடுக்குமுன் நீட்டப்படும் வினாத்தாளில், பத்தாண்டுக்கு முன் நேர்ந்ததானாலும், அதை எழுதியே ஆக வேண்டும். ஐயமிருந்தால் கண்ணை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவார்கள். இதயத்துடிப்புக் கருவி, முன்னர் மூளையில் பொருத்திய உலோகக் கிளிப்பு இவையும் அப்படியே.

கருவி ஓசையின்றி நிற்கும்போதும் காந்தம் ஓய்வதில்லை என்பதைப் பலர் அறியார். 2018 ஜனவரியில் மும்பையில், ஆக்ஸிஜன் உருளையுடன் அவ்வறைக்குள் நுழைந்த ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அவர் நோயாளி அல்லர், உறவினரைப் பார்க்க வந்தவர். உடன் செல்வோரும் கவனிக்க வேண்டிய செய்தி இது. தாலி, மெட்டி, கழுத்துச் சுரூபம், அரைஞாணில் கோத்த தாயத்து யாவற்றையும் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட்டுச் செல்க. தாலியைக் கழற்றத் தயங்கும் தாய்மார்களுக்குக் கணவரே அதை வாங்கி வைத்துக்கொண்டு தைரியம் சொல்லலாம்.

உள்ளே அரை மணி முதல் முக்கால் மணி வரை அசையாது படுத்திருக்க வேண்டும். சம்மட்டி அடிப்பது போன்ற பேரோசை கேட்கும், காதடைப்பான் தருவர். அச்சம் மிகுந்தால் அழுத்துவதற்கு ஒரு பந்தும் கையில் தருவர். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் நரம்பில் ஏற்றும் மருந்தைப் பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலைத் தொழிலாளியிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்குமானால் முதலில் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெறுக. இல்லாதவர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை உடன் கொண்டு செல்க. எடுத்த படத்தையும் குறுந்தகட்டையும் அறிக்கையோடு ஒரே உறையிலிட்டு, நிலப்பத்திரத்தை வைக்குமிடத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு எடுக்கும் படத்தை அதனுடன் ஒப்பிட்டுத்தான் முடிச்சு வளர்ந்ததா, புதிதாகக் கசிந்ததா என்று மருத்துவர் கூறுவார். காவர்னோமா ஒன்றுக்கு மேற்பட்டதாகத் தெரிந்தால், அது குடும்பவழி வந்ததாக இருக்கக்கூடும். உடன்பிறந்தாரில் எவருக்கேனும் வலிப்போ காரணமறியாத் தலைவலியோ உண்டா என்பதையும் அதே நாளில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.