சொன்னதைச் செய்யும் ஆமை



சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் கணிப்பொறியிடம், "100 அலகு முன்னே செல், 60 பாகை வலப்புறம் திரும்பு, இதை மூன்று முறை செய்" என்று ஆணையிட்டால் முக்கோணம் கிடைக்குமா? கிடைக்காது! ஏன் என்பதைப் பார்ப்போமா?

ஆமை பிறந்த கதை

கணிப்பொறிக்கு நாம் வரிசையாக எழுதித் தரும் ஆணைகளின் தொகுப்பே நிரல் எனப்படும். தொடக்கத்தில் நிரல் எழுதுவது அறிவியலாருக்கும் பொறியாளருக்கும் உரிய வேலையாக இருந்தது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வாலி ஃபர்சைக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலியோர் சிறுவர்களுக்காக ஒரு நிரல்மொழியை உருவாக்கினர். அதன் பெயர் லோகோ.

சில ஆண்டுகளில் லோகோவுடன் ஓர் ஆமையும் சேர்ந்துகொண்டது. உயிருள்ள ஆமையன்று, கணிப்பொறியுடன் கம்பியால் இணைக்கப்பட்ட சிறு பொறி. விரித்த தாளின் மீது அது ஊர்ந்து செல்ல, அதிலுள்ள பேனா கோடு வரையும். பின்னர் இந்த ஆமை கணிப்பொறியின் திரைக்குள்ளேயே குடிபுகுந்தது.

'ஃபார்வர்டு 100' என்றால் 100 அலகு முன்னே செல்லும். 'ரைட் 90' என்றால் நின்ற இடத்திலேயே 90 பாகை வலப்புறம் திரும்பும். 'ரிப்பீட் 4' என்று சொல்லி இவ்விரு ஆணைகளையும் அடைப்புக்குறிக்குள் எழுதினால் ஒரு சதுரம் தயார்!

முக்கோணம் எங்கே?

அண்மையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சிலருக்கு இதைக் கற்றுத் தந்தேன். சதுரம் எளிதாக வந்துவிட்டது. அடுத்து முக்கோணம் வரையச் சொன்னேன். எல்லோருமே 60 பாகை திரும்பச் சொன்னார்கள். ஆமை மூன்று கோடுகள் வரைந்து, தொடங்கிய இடத்திற்குத் திரும்பாமல் நின்றுவிட்டது. முக்கோணத்திற்குப் பதிலாக அறுகோணத்தில் பாதி!

"கம்ப்யூட்டர் தப்பாகப் போடுகிறது, சார்" என்றான் ஒருவன். "எனக்குக் கணக்கே வராது, சார்" என்று ஒரு மாணவி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். நான் விடை சொல்லவில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு முக்கோணம் வரைந்து, "நீயே ஆமையாக நடந்து பார், அம்மா" என்றேன்.

அவள் ஒரு பக்கம் முழுவதும் நடந்து மூலையில் நின்றாள். அடுத்த பக்கத்தை நோக்கித் திரும்பியவள், பாதியில் நின்று சொன்னாள்: "சார், 60 போதாது. இன்னும் நிறையத் திரும்ப வேண்டியிருக்கிறது!"

ஆம். 60 பாகை என்பது முக்கோணத்தின் உட்கோணம். ஆமை திரும்புவதோ வெளிக்கோணம்; 180 – 60 = 120 பாகை. எண்ணை மாற்றியதும் முக்கோணம் வந்தது. கணக்கு வராது என்றவள்தான் தவற்றைக் கண்டுபிடித்தாள்!

ஆமை சொன்னதைத்தான் செய்யும், நினைத்ததைச் செய்யாது. ஆகவே பிழை நேர்ந்தால் வெட்கப்பட வேண்டாம். எந்த ஆணையில் பிழை என்று ஆராயுங்கள். நிரல் எழுதுவோர் அனைவரும் நாள்தோறும் செய்யும் வேலை இது.

முழுச் சுற்று 360

சதுரத்தில் ஆமை திரும்பிய மொத்தக் கோணம் 4 × 90 = 360. முக்கோணத்தில் 3 × 120 = 360. அறுகோணத்தில் 6 × 60 = 360. ஒழுங்கான பலகோணம் வேண்டுமா? 360ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அத்தனை பாகை திரும்பச் சொல்லுங்கள்.

ஓர் அலகு சென்று ஒரு பாகை திரும்புவதை 360 முறை செய்தால்? திரையில் வட்டம் தோன்றும்! உண்மையில் அது 360 பக்கமுள்ள பலகோணம். சுற்றளவு 360 அலகு, ஆரம் ஏறத்தாழ 57.3 அலகு. வளைந்த பாதையைச் சிறு நேர்கோடுகளாகக் கருதும் இம்முறை இயற்பியலிலும் உண்டு. 1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா' நூலில், கோளின் பாதையை நியூட்டன் முதலில் பல சிறு நேர்கோடுகளாகவே கொண்டு ஆராய்ந்தார்.

காசு வேண்டாம்

இதற்கெல்லாம் பணம் செலவாகுமோ என்று தயங்க வேண்டாம். பைத்தான் என்னும் நிரல்மொழி இலவசம். ஆமை வரைகலையும் அதனுடனேயே வருகிறது. லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் லோகோவின் ஆணைகளையே பயன்படுத்தலாம். ஒருமுறை கணிப்பொறியில் நிறுவிவிட்டால், பிறகு இணைய இணைப்பின்றியும் இவை இயங்கும்.

இவை விலையில்லாதவை மட்டுமல்ல, கட்டற்றவை. நண்பருக்குப் படியெடுத்துக் கொடுப்பது குற்றமாகாது. உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கவும் மாற்றவும் உரிமை உண்டு. பைத்தானின் ஆமையே பைத்தானில் எழுதப்பட்டதுதான். கைக்கடிகாரத்தைத் திறந்து பற்சக்கரங்களைப் பார்ப்பதுபோல, அந்த நிரலை நீங்கள் திறந்து பார்க்கலாம்!

செய்து பாருங்கள்

100 அலகு சென்று 144 பாகை திரும்புவதை ஐந்து முறை செய்தால் ஐமுனை நட்சத்திரம் கிடைக்கும். 5 × 144 = 720; அதாவது இரண்டு முழுச் சுற்று. அப்படியானால் எழுமுனை நட்சத்திரத்திற்கு எத்தனை பாகை? இரண்டு சுற்றுக்கு ஒரு விடை, மூன்று சுற்றுக்கு வேறொரு விடை. இரண்டையும் வரைந்து ஒப்பிடுங்கள்.

கணிப்பொறி கைக்கெட்டவில்லையா? சுண்ணக்கட்டியும் ஒரு நண்பரும் போதும். நீங்கள் ஆணையிடுங்கள், அவர் ஆமையாகட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: நீங்கள் சொன்னதைத் தவிர வேறெதையும் அவர் செய்யக்கூடாது!