கடல் கடந்த கைத்திறன்

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் சூழத் திருவரங்கம் திகழ்கின்றது. ஆற்றின் தென்கரையில் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை ஓங்கி நிற்கின்றது. நீர்வளம் மிக்க இப்பகுதியிலும் நிலமில்லாத உழவர் வாழ்வு வளமுற்றதாக இல்லை. வறுமையும் கடனும் நெருக்கவே, இம்மாவட்டத்தினின்றும் அண்டை மாவட்டங்களினின்றும் பல்லாயிரவர் கங்காணியர் பின்னே மண்டபம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர்.

1920ஆம் ஆண்டில் அவ்வாறு கடல் கடந்தவருள் ஒருவர் சின்னசாமி. பிற்காலத்தில் அவர் தம் பெண்மக்களுடன் தாயகம் திரும்பித் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தார். ஆண்மக்களோ இலங்கையிலேயே தங்கினர். அவருள் முத்தையா என்பார் கண்டியில் பிஸ்கோத்துத் தொழில் நடத்தினார். அவருடைய மூத்த மைந்தரே, 1972ஆம் ஆண்டில் பிறந்த முரளிதரன்.

முரளிதரன் பள்ளியில் கிரிக்கெட் ஆட்டம் பயின்றார். முதலில் மிதவேகப் பந்து வீசினார்; பதினான்காம் வயதில், ஆசிரியர் அறிவுரைப்படி சுழற்பந்துக்கு மாறினார். அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முற்றும் நிமிராதது; மணிக்கட்டோ மிக எளிதிற் சுழல்வது. சுழற்பந்து வீசுவோருள் அவர் வகையினர் விரல்களாலேயே பந்தைத் திருகுவர். அவரோ மணிக்கட்டாலும் திருகினார். ஆதலின், நிலத்திற் பட்ட பந்து எதிர்பாராத அளவு திரும்பிற்று.

குறையே திறனாயிற்று, அத்திறனே பழிக்கும் இடமாயிற்று. பந்தை விடுக்குங்கால் மடங்கிய முழங்கை நிமிருமாயின், அது வீச்சன்று, எறிதல் என்பது ஆட்டவிதி. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், நடுவர் அவர் பந்தை ஏழுமுறை செல்லாதென்றார். பெருங்கூட்டத்தின் நடுவே நேர்ந்த அவமதிப்பு அது. முரளிதரன் சினந்து வெளியேறவில்லை. தம் கையை ஆய்வுக்கு உட்படுத்தினார். அறிஞர்கள் படக்கருவிகளால் அளந்து, மடங்கிய கை எறிவதுபோல் தோற்றமளிக்கின்றது என்று கண்டனர். 2004ஆம் ஆண்டில், முழங்கை அசையாவண்ணம் உறுதியான கவசம் பூண்டும் அவர் பந்து வீசிக் காட்டினார். எனினும், அவர் புதிதாகப் பயின்ற ஒருவகைப் பந்து அந்நாளைய வரம்பைக் கடந்ததென்பதும் அவ்வாண்டில் அளந்தறியப்பட்டது. பின்னர், பந்து வீசுவோர் பெரும்பாலார்க்கும் முழங்கை சிறிது நிமிர்கின்றது என்பது தெளிவாகவே, 2005ஆம் ஆண்டில் பதினைந்து பாகை வரை அனைவர்க்கும் பொதுவாக இசைவளிக்கப்பட்டது.

இங்கிலாந்து நாட்டு மாவட்டக் குழுக்கள் அயல்நாட்டு வல்லுநரை ஊதியம் தந்து அழைப்பது வழக்கம். 1999ஆம் ஆண்டில் லங்காஷயர் குழு முரளிதரனை அழைத்தது. குளிரும் ஈரமும் மிக்க அந்நிலத்தில், பந்து வீசிய பன்னிரண்டு ஆட்டப்பகுதிகளில் 66 விக்கெட்டுகளை அவர் வீழ்த்தினார். பின்னர் கெண்ட், குளோஸ்டர்ஷயர் குழுக்களும் அவரை ஏற்றன. 2008ஆம் ஆண்டில் அவர் சென்னைக் குழுவிலும் சேர்ந்தார். பாட்டனார் பிழைப்பு நாடி நீங்கிய தமிழகத்திற்குப் பெயரர் புகழோடு வந்து ஆடினார்.

2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலி நகரில், தம் 133ஆம் டெஸ்ட் ஆட்டத்தில், அவர் 800ஆம் விக்கெட்டை வீழ்த்தி ஓய்வு பெற்றார். அவ்வெண்ணை இன்றுகாறும் பிறர் எவரும் எய்தவில்லை.

கண்ணாற் கண்டதும் சிலபோது பொய்யாகும். அளந்து அறிந்ததே தெளிவு தரும். பழி வந்தவிடத்துச் சோர்வுறாது, ஆய்வுக்குத் தம்மை ஒப்புவித்துத் தொழிலைக் கைவிடாதவர் எந்நாட்டிலும் மதிக்கப்படுவர் என்பதற்கு முரளிதரன் வாழ்வு சான்றாகும்.