விற்ற பிளக் திரும்பி வந்தால்...

அரிசி, பருப்பு வியாபாரம் செய்யும் அன்பர்களுக்கு இந்தச் செய்தி சற்றுப் புதிதாகத் தோன்றலாம். விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்காரர்களுக்கோ இது பழகிப்போன தலைவலி. ரேடியோ கண்ட்ரோலில் ஓடும் நைட்ரோ கார் வைத்திருப்பவர், வாங்கிப்போன குளோ பிளக்கை ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவருகிறார். "நீங்க கொடுத்தது டூப்ளிகேட் சரக்கு, மாத்திக் கொடுங்க" என்கிறார். மாற்றிக் கொடுத்தால் லாபம் போகிறது. மறுத்தால் வாடிக்கை போகிறது. மாற்றிக் கொடுத்ததும் மறுவாரமே எரிந்துவிட்டால் இரண்டுமே போய்விடுகின்றன.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகமாகும். ஆகவே வந்து நிற்கும் பிளக் குறையுள்ள சரக்கா, வாடிக்கையாளரின் எஞ்சின் எரித்ததா என்று கண்டறிய நமக்கே தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் ஸ்பார்க் பிளக் போல இது பொறி தருவதில்லை. உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இக்னைட்டரைக் கழற்றிவிடலாம். எரியும் வெப்பமும், பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் படும்போது உண்டாகும் வினையும் சுருளைத் தொடர்ந்து கனல வைக்கும். அமெரிக்காவில் 1947-இல் ரே ஆர்டன் என்பவர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான், காயிலும் பேட்டரியும் சுமந்துகொண்டிருந்த மாடல் எஞ்சின்களுக்கு விடுதலை கிடைத்தது.

விற்கும்போதே வாடிக்கையாளர் கண்முன் இக்னைட்டரை மாட்டிக் காட்டிவிடுங்கள். சுருள் முழுவதும் பளிச்சென்று ஆரஞ்சு நிறமாகச் சிவந்தால் சரக்கு சரி. மங்கலாகச் சிவந்தால் முதலில் இக்னைட்டரின் சார்ஜைப் பாருங்கள்; பிளக்கைப் பழிக்க அவசரம் வேண்டாம். பைக் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பார்ப்போரும் உண்டு. கண் இமைக்கும் நேரத்தில் சுருள் போய்விடும்.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. வெளியே நன்றாகச் சிவக்கும் பழைய பிளக், இக்னைட்டரை எடுத்ததும் எஞ்சினை நிறுத்திவிடும். சுருளின் மேற்பரப்பு தேய்ந்துவிட்டது என்று பொருள். புதிது போட்டும் அப்படியே நின்றால், மெதுவாக ஓடும்போது எரிபொருள் அதிகமாகப் போகிறதா என்று பார்க்கவேண்டும்.

திரும்பி வந்த பிளக்கைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சுருள் பளபளப்பாக, ஈரமாக இருந்தால் எரிபொருள் தாராளமாகப் போயிருக்கிறது. சாம்பல் பூத்து வெளுத்திருந்தால் எரிபொருள் குறைந்து, எஞ்சின் சூடேறியிருக்கிறது. நசுங்கி உருமாறியிருந்தால் எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடித்திருக்கிறது; நைட்ரோ மிகுந்திருக்கலாம், அல்லது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி போதாமல் இருக்கலாம். பொடிப்பொடியாக உலோகத் துகள் ஒட்டியிருந்தால் பேரிங்கையோ கனெக்டிங் ராடையோ சந்தேகிக்க வேண்டும். அந்த எஞ்சினுக்கு இன்னொரு பிளக் விற்பது வீண். நடுமுனையைச் சுற்றி எண்ணெய் ஒரு சொட்டு விட்டு எஞ்சினைச் சுற்றும்போது குமிழி வந்தால் பிளக்கின் அடைப்பு கசிகிறது. புது பிளக்கில் இப்படி இருந்தால் குறை சரக்கினுடையது. மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுக்கவேண்டியதுதான்.

பெரும்பாலும் பிளக்கைத் தின்பது வேக ஆசைதான். வேகம் கூட்டுவதற்காக நீடிலை இறுக்கிக்கொண்டே போகிறார்கள். எரிபொருள் குறைகிறது, சூடு ஏறுகிறது, சுருள் வெந்துவிடுகிறது. இதற்கு எளிய சோதனை: ஓடி நின்ற எஞ்சினின் ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். மூன்று நான்கு நொடியில் கொதித்து வற்றினால் சரி. பட்டவுடன் பறந்தால் அதிகச் சூடு. நீடிலை எட்டில் ஒரு சுற்று வீதம் திறந்து பார்க்கவேண்டும். ஏர் ஃபில்டர் கிழிந்து தூசி போகிறதா என்பதையும் கேளுங்கள். ஒரே ஆளுக்கு மாதம் நாலு பிளக் விற்றால் லாபம்தானே என்று தோன்றலாம். ஐந்தாவதுக்கு அவர் வரமாட்டார். காரையே பரணில் போட்டுவிடுவார்.

சரக்கு எடுக்கும்போதும் கவனம் தேவை. சாதாரணப் பிளக்கும் கூம்பு முனை கொண்ட டர்போ பிளக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தா. சின்ன எஞ்சின், குறைந்த நைட்ரோ என்றால் ஹாட் வகை. பெரிய எஞ்சின், நிறைய நைட்ரோ, கடும் வெயில் என்றால் கோல்ட் வகை. எதையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தால், பாதிப் பழி நம்மையே சேரும்.

எரிபொருளையும் பார்க்கவேண்டும். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் சேர்ந்ததுதான் அது. திறந்துவைத்த உப்புப் போல மெத்தனாலும் காற்றின் ஈரத்தை இழுக்கும்; மழைக்காலத்தில் மூடி சரியாக இல்லாத டின்னில் கிடந்த எரிபொருளால் வரும் கோளாறு பிளக்கின் தலையில் விழும். அதைவிடப் பெரிய கவலை, மெத்தனால் கொடிய விஷம் என்பது. சிறு அளவே கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் வாங்கும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் அறிவோம். தமிழ்நாட்டில் மெத்தனால் விற்பனை உரிமக் கட்டுப்பாட்டில் உள்ளது. இந்த எரிபொருளை வரவழைப்பதற்கு முன்பே, எந்த உரிமம் தேவை என்று உரிய அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பலசரக்கோடு சேர்த்து விளையாட்டுச் சாமானும் விற்கும் கடையில் எண்ணெய் டின் வரிசையில் இதை வைக்கவே கூடாது. சர்பத் போல நிறமேற்றிய எரிபொருளும் உண்டு. கால் லிட்டர் கேட்டார் என்று கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குத் தெரியாது. பிளக்கைச் சிவக்கவைத்துக் காட்டும் மேஜையும் எரிபொருள் அலமாரியும் கடையின் வேறு வேறு கோடியில் இருக்கட்டும்.