கருவாட்டில் மொய்ப்பது எந்த இலையான்?

கல்முனை, சாய்ந்தமருதுக் கரையில் மீனைக் கீறி உப்பிட்டுக் காயப்போட்டால், ஈரம் வற்றுமுன் இலையான் வந்துவிடும். மாரியில் வெயில் குறைய, தொல்லை இன்னும் கூடும். எல்லாம் ஒரே சாதி என்று நினைக்க வேண்டாம்.

இலையானைக் கைப்பேசியில் படமெடுத்து, படத்தைப் பெரிதாக்கி முதுகைப் பாருங்கள். சாம்பல் முதுகில் நான்கு கருங்கோடு என்றால் வீட்டு இலையான், மஸ்சிடே குடும்பம். மூன்று கோடும், சதுரங்கப் பலகை போன்ற வயிறும் சார்கோபாகிடே குடும்பத்துக்குரியவை. இக்குடும்ப இலையான்கள் பெரும்பாலும் முட்டையிடுவதில்லை, உயிருள்ள புழுவையே இடும்.

நீலப்பச்சையாக மினுங்குவது கல்லிபோரிடே குடும்பம். கருவாட்டுக்குப் பெருங்கேடு செய்யும் கிரைசோமியா மெகாசெபலா இதில்தான் சேரும். ஆணின் பெரிய செங்கண்கள் உச்சியில் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டிருக்கும்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். மாட்டுச் சாணத்தில் குந்தும் மஸ்சிடே சிலவும் பச்சையாகவே மினுங்கும். அவற்றுக்கு இறக்கையடிக்குக் கீழே, பின்னங்காலுக்குச் சற்று மேலே, வரிசையான தடித்த மயிர்கள் இல்லை, கல்லிபோரிடேக்கு உண்டு. மேலிருந்து எடுத்த படத்தில் அந்த இடம் தெரியாது. கைப்பேசியைத் தாழ்த்தி, பக்கவாட்டிலும் ஒன்று எடுங்கள்.