பழைய காரின் விளக்கும் மீற்றரும்

இரவில் பிரசவத்துக்கோ அவசர நோய்க்கோ பல நேரம் நமக்குக் கைகொடுப்பது ஒரு பழைய கார்தான். மலைப்பாதையில் அதன் விளக்கு மங்கினால் ஆபத்து. ஆகவே சில விஷயங்களைச் சொல்கிறோம்.

வயரில் கைவைக்குமுன் பற்றரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கினால், பெரும்பாலும் அதன் எர்த் இணைப்பில் துருதான். மணல்தாளால் தேய்த்து இறுக்குங்கள்.

1960களின் பல பிரித்தானியக் கார்களில் பெற்றோல் மீற்றரும் சூட்டு மீற்றரும் சேர்ந்தே பிழை காட்டினால், இரண்டுக்கும் சுமார் 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அதன் எர்த் தளர்ந்தால் முள் கூடுதலாக ஏறும். பெற்றோல் மீற்றர் மட்டுமென்றால் டாங்கி வயரைப் பாருங்கள். பீடி கிட்டவே வேண்டாம்.

பியூஸ் போனால் சிகரட் ஈயத்தாளைச் சுத்தாதீங்க! வயர் எரிந்து காரே பற்றிக்கொள்ளும். அதே அளவு பியூஸ் போடுங்கள். மறுபடியும் போனால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.