நாற்பதும் நாற்பத்து நான்கும்

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பின்சக்கரத்துக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. குறுக்கே ஓடும் குழாய்க்குள் ஒரு டார்ஷன் பார், அதாவது முறுகிக்கொடுக்கும் கம்பி. அதன் வெளிமுனையில் செருகிய எஃகுத் தகடு சக்கரத்தைத் தாங்கும். தகட்டின் இருபுறமும் ரப்பர் புஷ். அதற்கு கிரீஸ் ஆகாது, டால்கம் பவுடர்தான் பூசவேண்டும். தாங்கலிலிருந்து தகட்டை நெம்பி இறக்கும்போது முறுகிய கம்பி ஒரே வீச்சில் விடுபடும். அங்கே கை இருக்கவே கூடாது.

புஷ் மாற்றக் கழற்றிய கையோடு உயரத்தையும் சரிபார்ப்பார்கள். கம்பியின் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44. உள்ளே ஒரு பல் நகர்த்தினால் 9 பாகை மாறும். வெளியே எதிர்த்திசையில் ஒரு பல் நகர்த்தினால் சுமார் 8 பாகை 10 கலை கழியும். மிச்சம் 50 கலை, அதாவது ஒரு பாகைக்கும் குறைவு. இருமுனையிலும் 40 பற்களே இருந்திருந்தால் 9 பாகைக்குக் கீழே திருத்தவே முடியாது. அந்தக் காரில் நான் அதிகம் வியப்பது இந்தக் கணக்கைத்தான். கோணமானியும் கையுமாக, இடமும் வலமும் ஒத்துவரும்வரை மெக்கானிக் பல் மாற்றிக்கொண்டிருப்பார்.

இந்தப் பழைய வகையின் கடைசி பீட்டில் 2003 ஜூலையில் மெக்சிகோவின் புயெப்லாவில் உருவானது. அதே நிறுவனம் 1974-இல் கொண்டுவந்த கோல்ஃபிலேயே இந்தப் பல் மாற்றும் வேலைக்கு இடமில்லை: பின்னால் முறுகிக்கொடுக்கும் ஒரே பீம், அதன் இரு கைகளிலும் ஒவ்வொரு பெரிய புஷ். இன்று நம் தெருக்களில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றிலும் இதே அமைப்புதான். பழைய புஷ்ஷை இழுத்து எடுத்து, புதியதைத் திசை பார்த்து அழுத்தினால் முடிந்தது.

ஆனால் கடைசி போல்ட்டை எந்த நிலையில் இறுக்குவது என்பது இன்னும் மெக்கானிக்கின் கையில்தான் இருக்கிறது. இன்றைய புஷ்ஷில் ரப்பர் நடுக்குழாயோடு ஒட்டியே வார்க்கப்பட்டது, வழுக்காது, முறுகும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கார் தரையில் சும்மா நிற்கும்போதும் ரப்பர் முறுகியே கிடக்கும், சீக்கிரம் கிழியும். பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, கார் நிற்கும் உயரத்துக்கு ஏற்றி, அதன்பிறகே டார்க் ரெஞ்சை எடுக்கவேண்டும். லிஃப்டில் தூக்கியபடியே இறுக்கி அனுப்புவதைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை. பிறகு கிழிந்த புஷ்ஷைக் காட்டி, பாகம் மட்டம் என்கிறார்கள்.

பீட்டிலைப் பேணுவோரில் சிலர் இப்போது பாலியூரித்தேன் புஷ் போடுகிறார்கள். அது ரப்பரைவிட விறைப்பு. கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். பந்தயத்துக்கு அது பொருந்தும். தினமும் குண்டும் குழியுமாக ஓடும் வண்டிக்கு, பவுடர் பூசிய ரப்பரையே போடச் சொல்வேன்.