வயசு கிட்டத்தட்ட 900... பேரு 'தி மேனர்'!

உங்க வீட்டுக்கு என்ன வயசு பாஸ்? இருபது, முப்பது? தாத்தா கட்டினதுன்னா எழுபது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர்ல ஹெமிங்ஃபோர்ட் கிரேன்னு ஒரு கிராமம். அங்கே இருக்கிற 'தி மேனர்' என்ற வீட்டைக் கட்டினது 1130-களில்! இது கோட்டையும் இல்லை, மியூசியமும் இல்லை. தலைமுறை தலைமுறையா ஆட்கள் சமைச்சு, தூங்கி, சண்டை போட்டு வாழ்ந்த வீடு.

1066-ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தார் வில்லியம். கைப்பற்றிய நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அப்படி நிலம் வைத்திருந்தவரின் வீடுதான் மேனர். நம்ம பாஷையில் பண்ணை வீடுனு வெச்சுக்கங்க. சாதாரண ஜனங்க மரத்திலும் மண்ணிலும் குடிசை போட்ட காலத்தில் இது கல் கட்டடம். தப்பிப் பிழைச்சதுக்கு அதுவே பாதிக் காரணம்!

இனி கொஞ்சம் இன்ஜினீயரிங் (சிவில் பசங்க மட்டும் இல்லை, எல்லாரும் படிக்கலாம்). இந்த வகை நார்மன் வீடுகளில் ஹால் மாடியில்தான் இருக்கும். கீழ்த்தளம் தானியம், தட்டுமுட்டுச் சாமான் வைக்க. எதிரி வந்தாலும் சரி, ஆத்துல தண்ணி ஏறினாலும் சரி, மேலே இருக்கிறவங்க சேஃப். ஜன்னலுக்கு மேலே அரை வட்ட ஆர்ச். கல்லும் கல்லும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே நிற்க, பாரம் இரண்டு பக்கமும் இறங்கும். ஆனா ஆர்ச் சும்மா இருக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் சுவர் சுமார் மூன்று அடி கனம்! இரும்புக் கம்பியும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது. வீட்டின் மூணு பக்கம் அகழி, நாலாவது பக்கம் கிரேட் ஊஸ் ஆறு.

1939-ல் இந்த வீட்டை வாங்கினார் லூசி பாஸ்டன். அப்போ அவருக்கு நாற்பத்தாறு வயசு. பிற்காலத்தில் ஒட்டுப்போட்டிருந்ததை எல்லாம் நீக்கி, பழைய நார்மன் ஹாலை மீட்டெடுத்தார். சரியா அதே நேரத்தில் இரண்டாம் உலகப் போர்! பக்கத்து விமானத் தளங்களில் இருந்த இளம் வீரர்களைக் கூப்பிட்டு, அந்த ஹாலில் கிராமஃபோன் இசை போட்டுக் காட்டினார். கிட்டத்தட்ட நம்ம வயசுப் பசங்க. நாளைக்குத் திரும்பி வருவோமான்னு தெரியாதவங்க, எட்டு நூற்றாண்டுச் சுவருக்குள்ள உட்கார்ந்து பாட்டு கேட்டிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க!

எழுத்தாளரா அவர் அறிமுகமானது அறுபது வயசைத் தாண்டி. 1954-ல் வந்த 'தி சில்ட்ரன் ஆஃப் கிரீன் நோ' கதையில் வரும் மாய வீடு இதேதான். படம் வரைந்தவர் மகன் பீட்டர், தொழிலில் ஆர்க்கிடெக்ட். அதே வரிசையில், மிருகக்காட்சி சாலையிலிருந்து தப்பி வரும் கொரில்லா இந்த வீட்டுத் தோட்டத்தில் ஒளிந்துகொள்ளும் கதைக்கு 1961-ம் ஆண்டுக்கான கார்னகி மெடல் கிடைத்தது.

லூசி 1990-ல் இறந்தார். கடைசி வரை அவர் வீடு அதுதான். பிறகு மகன் குடும்பத்தார் வீட்டைப் பார்த்துக்கொண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டினார்கள். ஹாலில் அந்தப் பெரிய புனல் வைத்த 1929-ம் வருஷத்து கிராமஃபோன். சாவி கொடுத்து முள்ளை வைத்தால் பாடும்!